ஏற்காடு, கொல்லிமலை ஹோம்ஸ்டே: வரிகளும் தொழில் நடைமுறையும்

ஹோம்ஸ்டே என்பது ஒருவர் தம் வீட்டையோ அதன் சில அறைகளையோ வெளியூரார் நாள் கணக்கில் தங்குவதற்குக் கட்டணம் பெற்று விடும் தொழில் ஆகும். மாத வாடகைக்கு வீடு விடுவதும் லாட்ஜ் நடத்துவதும் சட்டத்துக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை. ஹோம்ஸ்டே இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. வீட்டுக்காரர் அதை வாடகை என்று நினைக்கிறார். வரித்துறை பல இடங்களில் வணிகம் என்று பார்க்கிறது. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தனித்தனிப் பார்வை உண்டு. ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

இடமும் வழக்கமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்கள் இத்தொழிலில் இறங்குவது பெரும்பாலும் பக்கத்து மலைகளை நம்பித்தான். சேலத்துக்கு அருகே சேர்வராயன் மலையில் ஏற்காடு இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் கொல்லிமலை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடுகளும், சேலத்துக் குடும்பங்கள் கோடைக்கெனக் கட்டிய வீடுகளும் அறைகளாக மாறின. கொல்லிமலையில் செம்மேடு, சோளக்காடு பக்கம் மலைவாழ் குடும்பங்களும் சமவெளியிலிருந்து சென்றவர்களும் சிறு தங்கும் வீடுகளை நடத்துகின்றனர்.

சமவெளியிலும் இத்தொழில் இல்லாமல் இல்லை. முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கும் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் வருவோர், பள்ளி விடுதியில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், சேலம் மருத்துவமனைகளில் உறவினரைச் சேர்த்திருப்போர் என்று ஓரிரு நாள் தங்க இடம் தேடுவோர் ஆண்டு முழுவதும் உண்டு. மலையில் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களிலும் வார இறுதியிலும் வரும். ஏற்காட்டுக் கோடை விழா நாட்களில் அறை கிடைக்காது. அதே அறை மழைக்காலச் செவ்வாய்க்கிழமையில் பூட்டியே கிடக்கும். ஆடியில் வல்வில் ஓரி விழாவின்போது கொல்லிமலையிலும் இதே நிலை. ஆகவே வருமானத்தை மே மாதக் கணக்கை வைத்துப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்ப்பது தவறு. வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்களில் சிலர் மாதத் தவணையை இப்படிக் கணக்கிட்டுத்தான் இடர்ப்படுகின்றனர்.

ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டேக்களைத் தங்கம், வெள்ளி என்று வகைப்படுத்தும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அத்திட்டத்தில் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் வரைதான் அனுமதி; வீட்டுக்காரரோ அவர் குடும்பமோ அங்கேயே குடியிருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உரிமையாளர் சேலத்தில் இருந்துகொண்டு காவலாளியிடம் சாவியை விட்டுவைக்கும் ஏற்காட்டு வீடுகள் பல ஹோம்ஸ்டே என்ற பெயருக்கே பொருந்தா. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது வரிச் சட்டத்துக்கு முக்கியமில்லை. ஆனால் கடனுக்கும் சலுகைக்கும் விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு கேட்கப்படும். 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

வருமான வரி: வாடகையா, வணிகமா?

வருமான வரிச் சட்டம் வருமானத்தைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கிறது. வீட்டு வாடகை 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பில் வரும். அதில் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைக் கேள்வியின்றிக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வட்டிக்கும் விதிகளின்படி கழிவு உண்டு. வேலைக்காரர் சம்பளம், சலவை, மின் கட்டணம், தளத்தின் கமிஷன் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அந்த 30 விழுக்காட்டுக்குள் அனைத்தும் அடக்கம்.

'தொழில், வணிக வருமானம்' என்ற தலைப்பில் சென்றால் உண்மைச் செலவுகளையும் தேய்மானத்தையும் கழிக்கலாம். அல்லது சிறு வணிகர்களுக்கான உத்தேச வருமானத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏ.டி. பிரிவு. ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 3 கோடி) வங்கி வழி வந்த தொகையில் குறைந்தது 6 விழுக்காடும் ரொக்கத்தில் 8 விழுக்காடும் இலாபம் எனக் காட்டினால் போதும். கணக்கேடுகளை விரிவாக வைக்க வேண்டியதில்லை. மருத்துவர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் போன்ற குறிப்பிட்ட தொழில் செய்வோருக்கு இப்பிரிவு கிடையாது. சேலத்து மருத்துவர்கள் பலருக்கு ஏற்காட்டில் வீடு இருப்பதால் இது நினைவில் வைக்கத்தக்கது.

எந்தத் தலைப்பு என்பது பழைய வழக்கு. உச்ச நீதிமன்றம் சுல்தான் பிரதர்ஸ் வழக்கில், கட்டடத்தையும் அறைகலன்களையும் சேர்த்து ஒருவருக்கு ஓட்டல் நடத்தக் குத்தகைக்கு விட்ட வருமானம் வாடகையும் அன்று, வணிகமும் அன்று, 'பிற வழி வருமானம்' என்று தீர்ப்பளித்தது. 2015 இல் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கில், கட்டடங்களை வாடகைக்கு விடுவதையே நோக்கமாகக் கொண்ட நிறுவனத்தின் வாடகை வணிக வருமானமே என்றது. ஒருவர் செய்வது சொத்தை வைத்துக்கொண்டு பலன் பெறுவதா, சொத்தைக் கொண்டு தொழில் நடத்துவதா என்பதே இவ்வழக்குகளில் பார்க்கப்பட்டது.

2024 ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டம் இதில் ஒரு வரி சேர்த்தது. குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானத்தை வணிகத் தலைப்பில் காட்டக் கூடாது, வீட்டுச் சொத்துத் தலைப்பில்தான் காட்ட வேண்டும் என்பது அது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் இது நடப்பில் இருக்கிறது. வாடகையை வணிகமாகக் காட்டி வரியைக் குறைத்தவர்களைக் குறிவைத்த திருத்தம் இது. ஆனால் அறை கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றி, காலைச் சிற்றுண்டி கொடுத்து, நாளுக்கு ஓர் ஆளாக விருந்தினரை ஏற்கும் ஹோம்ஸ்டேயும் இதில் அடங்குமா என்பதைத் திருத்தம் சொல்லவில்லை. சேவை சேர்ந்திருப்பதால் அது வெறும் வாடகை அன்று என்பது ஒரு வாதம், வலுவான வாதமும்கூட. சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் வீட்டுக்கு அந்த வாதம் நிற்காது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. தலைப்புகளின் அடிப்படை மாறவில்லை.

ஒரு கணக்கு

ஏற்காட்டில் மூன்று அறை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு இரவுக்கு 2,000 ரூபாய். ஒவ்வோர் அறையும் ஆண்டில் 90 இரவு நிரம்புகிறது. மொத்தம் 5,40,000 ரூபாய். அனைத்தும் முன்பதிவுத் தளம் வழியாக வருவதாகக் கொள்வோம். தளத்தின் கமிஷன் 15 விழுக்காடு என்று வைத்தால் 81,000. அந்தக் கமிஷன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 14,580. தளம் பிடிக்கும் வருமான வரிப் பிடித்தம் (டி.டி.எஸ்.) 0.1 விழுக்காடு, 540 ரூபாய். வங்கிக்கு வந்து சேர்வது 4,43,880.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. வங்கிக்கு வந்த 4,43,880 ரூபாயையே வருமானம் என்று எழுதிவிடுகின்றனர். வரித்துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையிலோ தளம் தெரிவித்த 5,40,000 இருக்கும். வேறுபாடு தெரிந்தவுடன் கணினியே அறிவிப்பு அனுப்பிவிடும். மொத்த வரவைக் காட்டி, கமிஷனைச் செலவாகக் கழிப்பதே முறை. அதுவும் வணிகத் தலைப்பில்தான் முடியும்.

வீட்டுச் சொத்துத் தலைப்பில் சொத்து வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் வரிக்குரியது 3,78,000. வணிகத் தலைப்பில், கமிஷன் 95,580 போக, கூலி, மின்சாரம், சலவை, பழுது எல்லாம் சேர்த்து 1,60,000 செலவானால் மீதி 2,84,420. உத்தேசத் திட்டத்தில் 6 விழுக்காடு என்றால் 32,400 மட்டுமே.

இந்த இடைவெளி எல்லாருக்கும் பொருட்டானது அன்று. ஓய்வூதியம் ஆண்டுக்கு 6 லட்சம் பெறும் ஒருவர் இந்த வீட்டை நடத்துகிறார் என்றால், நிலையான கழிவு 75,000 போக 5,25,000. அதனுடன் அதிக அளவான 3,78,000 சேர்ந்தாலும் 9,03,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் அவர் வரி கட்ட வேண்டியதில்லை. கணக்குத் தாக்கல் மட்டும் கட்டாயம். அவர் தலைப்பைப் பற்றித் தலையை உடைத்துக்கொள்ளாமல், பாதுகாப்பான வீட்டுச் சொத்துத் தலைப்பிலேயே காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 30 விழுக்காட்டு அடுக்கில் சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரிக்கோ, 3,78,000 ரூபாய்க்கும் 32,400 ரூபாய்க்கும் இடையிலான வேறுபாடு மேல்வரி உட்பட ஏறத்தாழ 1,08,000 ரூபாய் வரி. அவருக்குத்தான் சேவை வழங்கியதற்கான சான்றுகள் தேவை: வேலையாள் கூலிச் சீட்டு, சலவை ரசீது, உணவுக்கான பில். 6 விழுக்காடு என்பது குறைந்தபட்ச அளவு என்பதையும் மறக்கலாகாது. உண்மையில் அதற்கு மேல் ஈட்டியதாகக் காட்டுபவருக்கு அந்த மேல் தொகையே வருமானம். இத்திட்டத்துக்குள் வந்துவிட்டு ஐந்தாண்டுக்குள் வெளியேறினால் அடுத்த ஐந்தாண்டுக்கு மீண்டும் சேர முடியாது.

டி.டி.எஸ். பற்றி ஒரு சொல். 194-ஓ பிரிவின் கீழ் இது முன்பு 1 விழுக்காடாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 0.1 ஆனது. தனிநபரின் மொத்த வரவு ஆண்டில் 5 லட்சத்துக்குள் இருந்து, பான் எண்ணோ ஆதாரோ கொடுத்திருந்தால் பிடித்தமே இல்லை. கொடுக்காவிட்டால் 5 விழுக்காடு.

தோட்டத்து வீடும் வேளாண் வருமானமும்

காப்பித் தோட்டத்து நடுவில் இருக்கும் வீடு, மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் இருக்கும் வீடு ஆகியவற்றில் தங்க வைத்துப் பெறும் பணமும் விவசாய வருமானந்தான், அதற்கு வரி இல்லை என்ற எண்ணம் இப்பகுதியில் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விவசாயத்துக்குத் தேவையான வீட்டை விவசாயமல்லாத வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், குடியிருக்க வாடகைக்கு விட்டாலும், அவ்வருமானம் வேளாண் வருமானம் ஆகாது என்று வேளாண் வருமானத்தின் வரையறையிலேயே விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலும், வரி இல்லாத வேளாண் வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், பிற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காப்பியைத் தோட்டத்துக்காரரே பதப்படுத்தி விற்றால் அவ்வருமானத்தில் 25 விழுக்காடும், வறுத்து அரைத்து விற்றால் 40 விழுக்காடும் வரிக்குரியது. விருந்தினருக்குக் காப்பித்தூள் பொட்டலம் விற்கும் தோட்டத்துக்காரர் இரண்டாவது வகையில் வருவார்.

கொல்லிமலையில் இன்னொரு நம்பிக்கை உண்டு. அங்கு வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். பழங்குடியினருக்கு வருமான வரி இல்லை என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அந்த விலக்கு 10(26) பிரிவின்படி வடகிழக்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டின் எந்த மலையும் அதில் இல்லை. நடைமுறையில் சிறிய வீடுகளின் வருமானம் விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும் என்பது வேறு.

ஜி.எஸ்.டி.

2017 ஜூலைக்கு முன்பு தங்கும் அறைகள் மீது மாநிலத்தின் ஆடம்பர வரி இருந்தது. அதற்கென 1981 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது ஜி.எஸ்.டி.யில் கரைந்தது. பின்னர் நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு நீடித்தது. 2022 ஜூலை 18 அன்று அந்த விலக்கு நீக்கப்பட்டு 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 விழுக்காடு. இதில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது, கட்டில், ஏ.சி., கமிஷன் ஆகியவற்றுக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. 7,500 ரூபாய்க்கு மேல் 18 விழுக்காடு, உள்ளீட்டு வரவுடன்.

அறை என்பதைவிட 'தங்கும் அலகு' என்று சொல்வது பொருத்தம். முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 9,000 ரூபாய்க்கு விட்டால் அலகு ஒன்று, வரி 18 விழுக்காடு. அதே வீட்டின் மூன்று அறைகளை மூன்று குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய்க்கு விட்டால் 5 விழுக்காடு. ஒரே குடும்பத்துக்கு விட்டுவிட்டு மூன்று பில் போடுவது ஏமாற்று.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம் போன்ற தளங்கள் வழியே அறை விடும் சிறியவர்களுக்குச் சட்டத்தின் 9(5) பிரிவு ஒரு வழி செய்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய நிலையில் இல்லாதவரின் அறைக்கு உரிய வரியைத் தளமே விருந்தினரிடம் வாங்கித் தன் பொறுப்பில் கட்டும். 20 லட்சத்தைத் தாண்டியவர் தாமே கட்ட வேண்டும். அவர் வரவில் தளம் 0.5 விழுக்காட்டை டி.சி.எஸ். என்று பிடித்துத் துறையிடம் செலுத்தும். தொலைபேசியில் நேரடியாக முன்பதிவு வாங்கும் சிறியவருக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வாங்குவதும் குற்றம்.

இதுவரை சொன்னது எளிது. நாமக்கல் மாவட்டத்தில் உண்மையான ஆபத்து '20 லட்சம்' என்பதைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது.

அந்த வரம்பு அறை வாடகைக்கு மட்டும் உரியது அன்று. ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் ஒருவர் செய்யும் எல்லா விற்பனையும் சேவையும் அதில் சேரும். வரி விலக்குப் பெற்ற பொருளின் விற்பனையும் சேரும். முட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆகவே முட்டை மட்டும் விற்கும் கோழிப்பண்ணையாளர் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரே தம் பெயரில் கொல்லிமலையில் ஒரு வீடு வாங்கி ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு நாள் வாடகைக்கு விட்டால் நிலை மாறுகிறது. விலக்குப் பொருளை மட்டுமே விற்பவர் என்ற தகுதி போய்விடுகிறது. முட்டை விற்பனை 2 கோடி, அறை 3 லட்சம், மொத்தம் 2 கோடியே 3 லட்சம். 20 லட்சம் எப்போதோ தாண்டிவிட்டது. முட்டைக்கு வரி வராது. ஆனால் அறை வாடகையின் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு, பதிவும் கட்டாயம். அவருக்கு 9(5) பிரிவின் பாதுகாப்பும் பொருந்தாது. தளத்திடம் ஜி.எஸ்.டி. எண் எதுவும் தராததால், தளம் அவரைச் சிறியவர் என்றே கருதிக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்து விவரம் வெளிவந்தால், நேரடி முன்பதிவுகளுக்கான வரி, அதன் மேல் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி, அபராதம் ஆகியவற்றைத் தம் கையிலிருந்து கட்ட நேரும். விருந்தினரைத் தேடிப் பிடித்து வாங்க முடியாது.

கோழி வளர்ப்பும் விவசாயந்தானே என்ற வாதம் இங்கே உதவாது. ஜி.எஸ்.டி. சட்டத்தில் விவசாயி என்பவர் நிலத்தைச் சாகுபடி செய்பவர். நெல், மரவள்ளி, காப்பி பயிரிடும் தனிநபருக்கு விளைபொருள் அளவில் தனி விலக்கு இருக்கிறது. அவரது விளைபொருள் விற்பனை வரம்புக் கணக்கில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கோழிப்பண்ணையாளருக்கு அந்த வாசலும் இல்லை. வருமான வரியிலும் கோழிப்பண்ணை வருமானம் வேளாண் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. லாரி உரிமையாளர்கள், போர்வெல் வண்டி வைத்திருப்போர், ஜவ்வரிசி ஆலை நடத்துவோர் ஆகியோரும் தம் தொழிலின் பான் எண்ணிலேயே அறை வாடகையையும் வாங்கினால் இதே கூட்டல்தான். வீடு உண்மையிலேயே மனைவியின் பெயரில் அவர் பணத்தில் வாங்கியதாக இருந்து அவரே நடத்தினால் அவருக்குத் தனி வரம்பு. பெயரை மட்டும் மாற்றிப் பணத்தைக் கணவர் கொடுத்தால், வருமான வரியில் அவ்வருமானம் கணவருடன் சேர்த்துக் கணக்கிடப்படும்.

நாள் வாடகைக்கும் நீண்ட தங்கலுக்கும் உள்ள வேறுபாடு சமவெளியில் பயன்படும். 2024 ஜூலை 15 முதல், ஒருவர் தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்க, மாதம் ஓர் ஆளுக்கு 20,000 ரூபாய்க்குள் கட்டணம் வாங்கினால் அச்சேவைக்கு விலக்கு உண்டு. திருச்செங்கோட்டில் கல்லூரி மாணவருக்கோ சேலத்தில் வேலைக்கு வந்தவருக்கோ அறை விடுபவர், வாரக் கணக்கில் விடுவதைவிட மூன்று மாத ஒப்பந்தத்தில் விட்டால் இந்த விலக்கைப் பெறலாம். கோயில் வளாகங்களில் பதிவு பெற்ற அறநிறுவனங்கள் நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைவாக விடும் அறைகளுக்கும் விலக்கு தொடர்கிறது. பக்கத்துத் தெருவில் அதே வாடகைக்கு விடும் தனியாருக்கு இது இல்லை.

மின்சாரம், உள்ளாட்சி, உணவு

வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெற்றுக்கொண்டே அறைகளை வாடகைக்கு விடுவது எங்கும் காணப்படுகிறது. இணைப்பு பெற்ற நோக்கத்துக்கு மாறான பயன்பாடு 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126 ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கலாம். தொடங்கும் முன்பே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது நல்லது. சொத்து வரியும் வணிகப் பயன்பாட்டுக்குக் கூடுதல். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குச் செலுத்துவது. அரசியலமைப்பின்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறிய அளவில் செய்வோருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, குவளைகளை மலையில் வைத்திருந்தால் அபராதம் விதிக்கப்படும்.

வீட்டுக்கென எடுத்த தீக் காப்பீடு வணிகப் பயன்பாட்டை மறைத்ததாகக் கூறி மறுக்கப்படக்கூடும். பாலிசியில் பயன்பாடு என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

நிலமும் கட்டடமும்

ஏற்காட்டில் கட்டடம் எழுப்ப, 'ஹாக்கா' என்று சுருக்கமாக வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் பொருந்தும். குடியிருப்பாக அனுமதி பெற்ற கட்டடத்தைத் தங்கும் விடுதியாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். கொடைக்கானலில் அனுமதிக்கு மாறான கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவுகளால் பூட்டி முத்திரையிடப்பட்டதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற ஆணையால் வந்தது. அந்த ஆணை ஏற்காட்டுக்கு உரியது அன்று. எனினும் மலை ஊர்களில் முன்பதிவை நம்பிக் கடன் வாங்குவோர், இப்படிப்பட்ட ஆணைகளும் வரக்கூடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொல்லிமலையில் நிலம் வாங்கும் வெளியூரார் பட்டாவை ஊன்றிப் படிக்க வேண்டும். அரசு நிபந்தனையுடன் ஒப்படை செய்த நிலமாக இருந்தால், நிபந்தனையை மீறிய விற்பனையும் வணிகக் கட்டடமும் ஒப்படையே ரத்தாவதற்கு வழிவகுக்கும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் அக்குறை தீர்ந்துவிடாது.

வீட்டை விற்கும்போது

வணிகத் தலைப்பில் தேய்மானம் கழிப்பவர்கள் பின்னால் வருவதை எண்ணிப் பார்ப்பது குறைவு. குடியிருப்புக் கட்டடத்துக்குத் தேய்மானம் 5 விழுக்காடு, ஓட்டல், உணவுடன் தங்கும் விடுதி போன்றவற்றுக்கு 10, அறைகலன்களுக்கு 10. சில ஆண்டுகள் இதைக் கழித்த பின் வீட்டை விற்றால், 50 ஆவது பிரிவின்படி கட்டடத்தின் மீதான இலாபம் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகிய கால மூலதன இலாபம். நிலத்தின் இலாபம் தனியாக நீண்ட காலத்தில் வரும். வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் 54 ஆவது பிரிவின் விலக்குக்கு, விற்ற வீடு குடியிருப்பு வீடாக இருந்து அதன் வருமானம் வீட்டுச் சொத்துத் தலைப்பில் வரிக்குரியதாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சில ஆயிரம் ரூபாய் வரியைக் குறைக்கத் தேய்மானம் எடுத்தவர், அப்பா கட்டிய வீட்டை விற்கும்போது பல லட்சம் விலக்கை இழக்கக்கூடும். பத்தாண்டுக்குள் விற்கும் எண்ணம் இருப்பவர் முதல் கணக்குத் தாக்கலுக்கு முன்பே இதைக் கணக்காளரிடம் பேசிவிட வேண்டும்.

ஏடுகள்

தங்குவோர் பதிவேட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை, வந்த நேரம், சென்ற நேரம் இருக்க வேண்டும். காவல்துறை கேட்டால் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழி தகவல் தருவது நெடுங்கால நடைமுறை. 'சி' படிவம் என்று அதைச் சொல்வர். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குடிவரவு, வெளிநாட்டவர் சட்டமும் தங்க இடம் தருவோர் மீது இக்கடமையைச் சுமத்துகிறது. வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற நம் ஊர்க்காரர் கல்யாணத்துக்கு வந்து தங்கினாலும் அவர் வெளிநாட்டவரே.

கணக்குக்கு ஒரு நோட்டும் தனி வங்கிக் கணக்கும் போதும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் தேதி, இரவுகள், விருந்தினர் கொடுத்த முழுத் தொகை, தளம் பிடித்தது, வங்கிக்கு வந்தது என ஐந்து பத்திகள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தம் ஏடுகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.